ஃப்ளோ பேட்டரி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சோலார், காற்றாலை மின்சாரத்தைச் சேமித்து வைப்பது பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் லித்தியத்துக்கு அடுத்து அடிபடும் பெயர் ஃப்ளோ பேட்டரி. 'தீயே பிடிக்காது, ஆயுசுக்கும் உழைக்கும்' என்று ஒரு பக்கம் விளம்பரம். 'ஆய்வகத்தை விட்டு வெளியே வராத சரக்கு' என்று இன்னொரு பக்கம் கேலி. இரண்டையும் அப்படியே நம்ப வேண்டியதில்லை. கீழே உள்ளவை பெரும்பாலும் வனேடியம் வகையைப் பற்றியவை. கிரிட் அளவில், அதாவது பொது மின்கட்டமைப்பில், அதிகம் ஓடிக்கொண்டிருப்பது அதுதான்.

சாதாரண பேட்டரிக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

நாம் பார்த்துப் பழகிய பேட்டரிகளில், இன்வெர்ட்டரில் இருக்கும் லெட்-ஆசிட் ஆகட்டும், போனில் இருக்கும் லித்தியம் ஆகட்டும், மின்சாரத்தைச் சேமிக்கும் பொருளும் அதை வெளியே தரும் தகடுகளும் ஒரே பெட்டிக்குள் அடைபட்டிருக்கும். ஃப்ளோ பேட்டரியில் அவை தனித்தனி. சேமிக்கும் பொருள் திரவமாக இரண்டு பெரிய டேங்குகளில் நிற்கும். மின்சாரம் உருவாகும் இடம் 'ஸ்டாக்' எனப்படும் செல் அடுக்கு. பம்ப் வைத்துத் திரவத்தை டேங்கிலிருந்து ஸ்டாக்குக்கு அனுப்பித் திரும்ப டேங்குக்கே கொண்டுவருவார்கள்.

இதை ஒரு பம்ப்செட் கிணறாக நினைத்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு எவ்வளவு தண்ணீர் வரும் என்பதை மோட்டாரின் எச்பி சொல்லும். எத்தனை மணி நேரம் இறைக்கலாம் என்பதைக் கிணற்றின் ஆழம் சொல்லும். ஃப்ளோ பேட்டரியில் ஸ்டாக்தான் மோட்டார், டேங்குதான் கிணறு. 4 மணி நேரம் ஓடும் பேட்டரியை 8 மணி நேரமாக்க வேண்டுமென்றால் டேங்கையும் திரவத்தையும் இரட்டிப்பாக்கினால் போதும், ஸ்டாக்கைத் தொட வேண்டாம். லித்தியத்தில் அந்த வசதி கிடையாது. நேரத்தை இரட்டிப்பாக்கச் செல்களையே இரண்டு மடங்கு வாங்க வேண்டும்.

இந்தப் பக்கத்தில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். ஃப்ளோ பேட்டரியின் நல்லது கெட்டது பெரும்பாலும் இந்தப் பிரிவினையிலிருந்தே வருகிறது.

உள்ளே என்னதான் நடக்கிறது?

வனேடியம் என்பது ஓர் உலோகம். கந்தக அமிலத்தில் கரைந்திருக்கும்போது அது 2, 3, 4, 5 என நான்கு ஆக்சிஜனேற்ற நிலைகளில் (எத்தனை எலக்ட்ரானை இழந்திருக்கிறது என்பதைச் சொல்லும் எண்) இருக்க முடியும். நான்குக்கும் நான்கு நிறம்: 2 என்றால் ஊதா, 3 பச்சை, 4 நீலம், 5 மஞ்சள்.

முழுதாகச் சார்ஜ் ஆன பேட்டரியில் எதிர்முனை டேங்கில் ஊதாத் திரவமும் நேர்முனை டேங்கில் மஞ்சள் திரவமும் இருக்கும். மின்சாரம் எடுக்கும்போது ஊதா, எலக்ட்ரானை விட்டுக்கொடுத்துப் பச்சையாகும். அந்த எலக்ட்ரான் வெளி வயரில் சுற்றி வந்து மறுபக்கம் சேர, மஞ்சள் நீலமாகும். சார்ஜ் செய்தால் எல்லாம் தலைகீழ். இரண்டு திரவங்களும் கலந்துவிடாமல் நடுவில் ஒரு மெல்லிய சவ்வு நிற்கும். ஹைட்ரஜன் அயனிகள் அதன் வழியே போய்வரும், வனேடியம் பெரும்பாலும் போகாது. திரவம் பாயும் இடத்தில் மின்முனையாக இருப்பது கம்பளித் துணி போலத் தோன்றும் கார்பன் ஃபெல்ட்.

ஒரு செல்லுக்குக் கிடைப்பது சுமார் 1.26 வோல்ட்தான். அதனால்தான் பல செல்களை வரிசையாக அடுக்கி ஸ்டாக் செய்கிறார்கள். 40 செல் அடுக்கினால் ஏறக்குறைய 50 வோல்ட்.

இணையத்தில் வரும் படங்களில் நான்கு கண்ணாடிக் குடுவைகளில் நான்கு நிறமும் பளிச்சென்று இருக்கும். அது நீர்த்த கரைசல். நிஜமான ஆலையில் திரவம் அடர்த்தியாக இருப்பதால் பெரும்பாலும் கருமையாகத்தான் தெரியும். டேங்கும் ஒளி புகாத பிளாஸ்டிக்.

இதை யார் கண்டுபிடித்தது?

1970-களில் எண்ணெய் நெருக்கடி வந்தபோது அமெரிக்காவின் நாசா, கிளீவ்லாந்தில் இருந்த தன் லூயிஸ் ஆய்வு மையத்தில் இரும்பு-குரோமியம் ஃப்ளோ பேட்டரியை உருவாக்கிப் பார்த்தது. விண்வெளிக்காக அல்ல, சோலார், காற்று மின்சாரத்தைத் தரையிலேயே சேமிக்கத்தான். வேலை செய்தது. ஆனால் ஒரு பக்கம் இரும்பு, மறுபக்கம் குரோமியம் என்பதால் சவ்வைத் தாண்டிச் சிறிது சிறிதாகக் கலந்தபோது திறன் குறைந்துகொண்டே போனது.

'இரண்டு பக்கமும் ஒரே உலோகமாக இருந்தால் கலந்தால்தான் என்ன?' என்பதுதான் அடுத்த யோசனை. வனேடியத்தைப் பற்றி முன்பே சிலர் பேசியிருந்தார்கள். ஆனால் 5-ஆம் நிலை வனேடியம் அமிலத்தில் போதிய அளவு கரையாது என்று அதைக் கைவிட்டிருந்தார்கள். 1980-களின் நடுவில் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் மரியா ஸ்கைலாஸ்-கசாகோஸ் குழு அதற்கு வழி கண்டது: 5-ஆம் நிலையை நேரடியாகக் கரைக்க முயலாமல், நன்றாகக் கரையும் 4-ஆம் நிலை உப்பைக் கரைத்து, மின்சாரத்தால் அதை 5-க்கு உயர்த்தினார்கள். அப்படிச் செய்தபோது அது படியாமல் கரைசலிலேயே நின்றது. அவர்கள் 1986-ல் விண்ணப்பித்த காப்புரிமையில் இருந்து இன்றைய வனேடியம் பேட்டரிகளின் வம்சம் தொடங்குகிறது.

நிஜமாகவே எங்காவது பெரிய அளவில் ஓடுகிறதா?

ஓடுகிறது. கீழே வரும் எண்களில் மெகாவாட் என்பது ஒரே நேரத்தில் தரக்கூடிய மின்சாரம், மெகாவாட் மணி என்பது மொத்தச் சேமிப்பு (ஒரு மெகாவாட் மணி என்றால் 1000 யூனிட்). ஜப்பானின் ஹொக்கைடோ தீவில் மினாமி-ஹயாகிதா துணைமின் நிலையத்தில் சுமிடோமோ எலெக்ட்ரிக் நிறுவிய 15 மெகாவாட், 60 மெகாவாட் மணி பேட்டரி 2015 இறுதியில் இயங்கத் தொடங்கியது. மூன்றாண்டு சோதனை என்று ஆரம்பித்தது. பிறகு 2022-ல் அதே தீவில் 17 மெகாவாட், 51 மெகாவாட் மணியில் இரண்டாவதையும் அமைத்தார்கள். சோதித்துப் பார்த்த இடமே திரும்ப வாங்கியது என்பதை நான் எந்த விளம்பரத்தையும்விடப் பெரிய சான்றாக எடுத்துக்கொள்வேன்.

அளவில் சீனா எல்லோரையும் தாண்டிவிட்டது. தாலியன் நகரில் 100 மெகாவாட், 400 மெகாவாட் மணி நிலையம் 2022-ல் கிரிட்டில் இணைந்தது. 2024 டிசம்பரில் சின்ஜியாங்கில் 175 மெகாவாட், 700 மெகாவாட் மணி நிலையம் முடிந்தது. இரண்டையும் செய்தது ரோங்கே பவர் என்ற ஒரே நிறுவனம்.

இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டில் வேறு மாதிரி: 50 மெகாவாட் லித்தியம் பேட்டரியோடு 2 மெகாவாட், 5 மெகாவாட் மணி வனேடியம் பேட்டரியைச் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். அடிக்கடி வரும் சின்னச் சின்ன ஏற்ற இறக்கத்தை வனேடியம் பார்த்துக்கொள்ளும். திடீரென்று பெரிய தேவை வந்தால் லித்தியம் இறங்கும். இந்த ஏற்பாடு பற்றி அதிகம் பேசப்படாதது எனக்கு ஆச்சரியம்தான்.

என் வீட்டு இன்வெர்ட்டருக்குப் பதில் இதை வைக்கலாமா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். வனேடியம் கரைசலில் ஒரு லிட்டருக்கு 15 முதல் 25 வாட் மணி வரைதான் சேமிக்கலாம். சராசரியாக 20 என்று வைத்தால் ஒரு யூனிட்டுக்கு (1000 வாட் மணி) 50 லிட்டர் வேண்டும். இரவு முழுக்க ஒரு ஏசி, இரண்டு ஃபேன், ஃபிரிட்ஜ் ஓட 10 யூனிட் என்றால் 500 லிட்டர். மொட்டை மாடியில் இருக்கும் 1000 லிட்டர் சின்டெக்ஸ் டேங்கில் பாதி, அதுவும் தண்ணீரல்ல, கந்தக அமிலம். தண்ணீரைவிடக் கனமானது என்பதால் திரவம் மட்டுமே 650 கிலோவைத் தாண்டும். அதற்கு மேல் இரண்டு பம்ப், ஸ்டாக், சென்சார், கசிந்தால் பிடித்துக்கொள்ளத் தொட்டி. அதே 10 யூனிட்டுக்கான லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி ஒரு சிறிய பீரோ அளவில் சுவரோரம் நின்றுவிடும்.

வீட்டுக்கு வேண்டாம்.

எலெக்ட்ரிக் காரில்?

மேலே உள்ள எடையைப் பார்த்த பிறகும் கேட்கிறீர்களா!

100 யூனிட் போட்டால் எத்தனை யூனிட் திரும்பி வரும்?

65 முதல் 80 வரை. நன்றாக நடத்தப்படும் ஆலையில் 70-ஐ ஒட்டி எதிர்பார்ப்பது நியாயம். லித்தியத்தில் 85-க்கு மேல் வரும். பம்ப் ஓடவும், திரவத்தைக் குளிர்விக்கவும், மாறுதிசை-நேர்திசை (ஏசி-டிசி) மின்சார மாற்றத்துக்கும் போகும் மின்சாரமெல்லாம் சேர்ந்துதான் இந்த இழப்பு.

விற்பவர்கள் சில சமயம் ஸ்டாக்கின் திறனை மட்டும் சொல்லி 85 சதவீதம் என்பார்கள். பம்பும், திரவத்தைக் குளிர்விக்கும் சில்லரும் அதில் சேர்ந்திருக்காது.

உண்மையிலேயே 20 வருடம் உழைக்குமா?

திரவம் உழைக்கும். இங்கே தேய்மானம் என்ற ஒன்றே இல்லை என்று சொன்னால் மிகைதான், ஆனால் அதன் இயல்பைப் புரிந்துகொள்ள வேண்டும். லித்தியம் செல்லில் ஒவ்வொரு சார்ஜுக்கும் மின்முனைப் பொருள் விரிந்து சுருங்குகிறது, பக்க வினைகள் நடக்கின்றன, அந்த இழப்பு திரும்பாது. வனேடியத்தில் திடப்பொருள் எதுவும் உருவாவதோ கரைவதோ இல்லை. கரைசலில் இருக்கும் அயனி எலக்ட்ரானை வாங்குகிறது, விடுகிறது, அவ்வளவுதான். சவ்வைத் தாண்டி வனேடியம் ஒரு பக்கமாகச் சேர்ந்துவிட்டால் இரண்டு டேங்கையும் கலந்து, சமமாகப் பிரித்து, மறுபடி சார்ஜ் செய்தால் இழந்த திறனில் பெரும்பகுதி திரும்பிவிடும். நாசாவின் இரும்பு-குரோமியத்தில் முடியாமல் போனது இதுதான்.

தேய்வது மற்ற பாகங்கள்: சவ்வு, கார்பன் ஃபெல்ட், கேஸ்கெட், பம்ப். ஸ்டாக்கை இடையில் ஒருமுறை புதுப்பிக்கும் செலவைத் திட்டத்திலேயே சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆயுள் முடிந்த பிறகும் டேங்கில் இருக்கும் வனேடியத்துக்கு விலை உண்டு என்பதால், திரவத்தை விற்காமல் வாடகைக்குக் கொடுக்கும் ஏற்பாடுகூட வெளிநாடுகளில் இருக்கிறது.

தீப்பிடிக்காது என்பது உண்மையா?

பெரும்பாலும் உண்மை. திரவத்தில் பெரும்பகுதி தண்ணீர். எரிவதற்கு அதில் ஒன்றுமில்லை. லித்தியம் செல்லில் ஒன்று சூடேறினால் பக்கத்துச் செல்லையும் சூடேற்றும் தொடர் விபத்து இங்கே நடக்காது. 2025 ஜனவரியில் கலிஃபோர்னியாவின் மாஸ் லேண்டிங் லித்தியம் சேமிப்பு நிலையம் எரிந்தபோது ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை வீடுகளிலிருந்து வெளியேற்ற வேண்டியிருந்தது. நியாயமாகச் சொல்வதென்றால், அது பழைய கட்டடத்துக்குள் நெருக்கமாக அடுக்கப்பட்ட பழைய தலைமுறை அமைப்பு. இப்போது வருபவை பெரும்பாலும் தனித்தனிக் கண்டெய்னர்களில் உள்ள லித்தியம் அயர்ன் பாஸ்பேட். அவற்றில் ஆபத்து குறைவு.

தீ இல்லை என்றால் ஆபத்தே இல்லை என்று அர்த்தமில்லை. லட்சக்கணக்கான லிட்டர் அமிலம் நிற்கிறது. குழாய் இணைப்பு ஒன்று விட்டுப்போனால் எங்கே ஓடும் என்பதற்குப் பதில் இருக்க வேண்டும். அளவுக்கு மீறிச் சார்ஜ் செய்தால் ஹைட்ரஜன் வாயு வரும், காற்றோட்டம் தேவை. புரோமின் பயன்படுத்தும் வகைகளில் புரோமின் ஆவியே நச்சு.

நம்ம ஊர் வெயில் தாங்குமா?

கேட்க வேண்டிய கேள்வி, பலர் கேட்பதில்லை. வழக்கமான வனேடியம் கரைசல் 10 முதல் 40 டிகிரி செல்சியஸ் வரைதான் நிம்மதியாக இருக்கும். 40-க்கு மேல் நீண்ட நேரம் போனால், மஞ்சள் பக்கத்தில் உள்ள 5-ஆம் நிலை வனேடியம் பென்டாக்சைடாகப் படியத் தொடங்கும். படிந்த பொடி கார்பன் ஃபெல்ட்டை அடைத்தால் திரவம் பாயாது, ஸ்டாக்கைக் கழற்ற வேண்டியதுதான்.

அக்னி நட்சத்திரத்தில் வேலூரில் வெளியே 41, 42 டிகிரி. பேட்டரியின் சொந்த இழப்புகளும் வெப்பமாகவே திரவத்தில் இறங்கும் என்பதால், வெளியே 38 இருந்தாலே உள்ளே 40-ஐத் தாண்டலாம். ஆகவே தமிழ்நாட்டில் சில்லர் இல்லாமல் வனேடியம் பேட்டரி கிடையாது. அதன் கரண்டு செலவையும் இழப்புக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

அமெரிக்காவின் பசிபிக் நார்த்வெஸ்ட் தேசிய ஆய்வகம் 2011 வாக்கில் கந்தக அமிலத்தோடு ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் கலந்து, வெப்ப எல்லையை ஏறக்குறைய 50 டிகிரி வரை நீட்டியது. கூடுதல் வனேடியமும் கரைந்தது. நம் தட்பவெப்பத்துக்குப் பொருந்தும் கண்டுபிடிப்பு. அந்தத் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்தும் உரிமம் கைமாறி, அமெரிக்க வரிப்பணத்தில் பிறந்த பேட்டரி தாலியனில் தயாராகிறது என்று 2022-ல் அங்கே பெரிய சர்ச்சை கிளம்பியது தனிக் கதை.

வனேடியம் எங்கிருந்து வருகிறது? லித்தியம் மாதிரி இதற்கும் சீனாவைத்தான் நம்ப வேண்டுமா?

ஆமாம், இன்னும் அதிகமாக. உலக உற்பத்தியில் பெரும்பங்கு சீனாவுடையது. அடுத்து ரஷ்யா, தென்னாப்பிரிக்கா, பிரேசில். பெரும்பாலும் இரும்பு எஃகு ஆலைக் கசடிலிருந்து துணைப்பொருளாக எடுக்கிறார்கள். பயன்படுவதும் பெரும்பாலும் எஃகை உறுதியாக்கத்தான். சிக்கல் அங்கேதான். பேட்டரிக்காரர்கள் இந்தச் சந்தையில் சின்ன வாடிக்கையாளர்கள். 2018-ல் சீனா கட்டுமானக் கம்பிகளின் தர விதியைக் கடுமையாக்கியதும் சேர்ந்து வனேடியம் விலை சில மாதங்களில் எகிறியது, அடுத்த ஆண்டே சரிந்தது. ஒரு யூனிட் சேமிப்புக்குக் கோட்பாட்டளவில் சுமார் 3 கிலோ, நடைமுறையில் அதற்கும் கூடுதலாக வனேடியம் வேண்டும். மூலப்பொருள் விலை இப்படி ஆடினால் 20 வருடத் திட்டத்துக்கு வங்கிக்காரர் எப்படிக் கடன் கொடுப்பார்?

இந்தியாவில் அருணாச்சலப் பிரதேசத்தின் பாபும் பாரே மாவட்டத்தில் வனேடியம் இருப்பதை இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனம் கண்டறிந்திருக்கிறது. சுரங்கம் என்று சொல்லும் நிலை வர இன்னும் நாளாகும்.

வனேடியம் இல்லாத ஃப்ளோ பேட்டரி இருக்கிறதா?

இருக்கிறது. துத்தநாகம்-புரோமின், முழு இரும்பு, கரிமச் சேர்மங்கள் என்று பல. ஹார்வர்டு குழு 2014-ல் குவினோன் எனும் கரிம மூலக்கூறை வைத்துச் செய்துகாட்டியபோது உலகமே கவனித்தது. விலைமலிவான மூலப்பொருள், ஆனால் மூலக்கூறு மெல்லச் சிதைவதுதான் தொல்லை. இரும்பு, துத்தநாக வகைகளில் உலோகம் சார்ஜ் ஆகும்போது மின்முனைமேல் படிகிறது. படிய இடம் செல்லுக்குள்தான் இருக்கிறது என்பதால் டேங்கைப் பெரிதாக்கி நேரத்தை நீட்டும் வசதி பாதி போய்விடுகிறது.

வணிகத்திலும் இவற்றுக்கு நேரம் சரியில்லை. துத்தநாகம்-புரோமினில் முன்னோடியான ஆஸ்திரேலியாவின் ரெட்ஃப்ளோ 2024 ஆகஸ்டில் திவால் நிர்வாகத்துக்குப் போனது.

ஆடிக் காற்றில் கிடைக்கும் மின்சாரத்தைத் தை மாதத்துக்குச் சேமிக்கலாமா?

ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் மே முதல் செப்டம்பர் வரை காற்றாலைகள் சுழன்று தள்ளும், பிறகு ஓய்ந்துவிடும். அதனால் இந்தக் கேள்வி இயல்பாகவே வருகிறது. தொழில்நுட்ப ரீதியாகத் தடை குறைவு: பம்பை நிறுத்திவிட்டால் டேங்கில் உள்ள திரவம் மாதக்கணக்கில் சார்ஜை இழக்காது, ஸ்டாக்கில் தங்கிய கொஞ்சம் மட்டும் வடியும்.

தடுப்பது காசு. தினமும் நிரப்பிக் காலி செய்யும் பேட்டரி ஆண்டுக்கு 300 முறைக்கு மேல் சம்பாதிக்கிறது. ஆடியில் நிரப்பித் தையில் காலி செய்வது ஆண்டுக்கு ஒருமுறைதான். அதே முதலீட்டை 300 யூனிட்டுக்குப் பதில் ஒரே யூனிட்டிலிருந்து மீட்க வேண்டும். அந்த யூனிட்டை வாங்க ஆளிருக்காது. மாலை 6 மணிக்குச் சோலார் சாய்ந்ததிலிருந்து நள்ளிரவு வரை, அல்லது மறுநாள் காலை வரை. ஃப்ளோ பேட்டரியின் எல்லை அதுதான்.

லித்தியம் விலை இப்படிச் சரிகிறதே, இனி இதற்கு இடமுண்டா?

நான்கு மணி நேரச் சேமிப்பில் இல்லை என்பது என் கருத்து. மின்சார வாகனங்களுக்காகக் கட்டிய ராட்சச ஆலைகள் லித்தியம் விலையை இறக்கிவிட்டன. அந்த வாகனச் சந்தை ஃப்ளோ பேட்டரிக்கு ஒருநாளும் கிடைக்கப்போவதில்லை.

8, 10 மணி நேரத்துக்குப் போகும்போது கணக்கு மாறத் தொடங்குகிறது. ஸ்டாக் செலவு அப்படியே நிற்க, கூடுவது டேங்கும் திரவமும்தான். ஆனால் அந்தத் திரவத்தில் இருப்பது வனேடியம் என்பதால் 'கூடுவது' அவ்வளவு மலிவாகவும் இல்லை. தினமும் இரண்டு முறை சார்ஜ் ஏறி இறங்கும் இடம், தீ விபத்தை எந்த விலை கொடுத்தும் தவிர்க்க வேண்டிய இடம், நிலத்துக்குப் பஞ்சமில்லாத இடம் — இவை ஒன்றுசேர்ந்தால் வாய்ப்புண்டு. சீனாவில் அரசே பின்னால் நிற்கிறது.

இந்தியாவில் என்ன நிலை?

ஆரம்ப நிலை. 2025 நவம்பரில் மத்திய அரசின் மின் உற்பத்தி நிறுவனமான என்டிபிசி, கிரேட்டர் நொய்டாவில் உள்ள தன் நேத்ரா ஆய்வு மையத்தில் 3 மெகாவாட் மணி வனேடியம் பேட்டரியைத் தொடங்கியது. அதுவே நாட்டின் பெரியது என்று அறிவிக்கப்பட்டது. தாலியனோடு ஒப்பிட்டால் நூறில் ஒரு பங்குகூட இல்லை. சென்னை ஐஐடி உள்படச் சில ஐஐடிகளில் ஸ்டாக் வடிவமைப்பில் ஆய்வு நடக்கிறது.

கோவையில் மில் வைத்திருக்கிறேன். இரவில் சார்ஜ் செய்து பீக் அவரில் பயன்படுத்தினால் லாபமா?

உயர் அழுத்த இணைப்பில் காலை, மாலை பீக் அவருக்கு 25 சதவீதம் கூடுதல் கட்டணம், இரவுக்கு 5 சதவீதம் தள்ளுபடி என்று வைத்துக்கொள்வோம். சாதாரண நேரத்தில் யூனிட் 100 பைசா என்றால் இரவில் 95, பீக்கில் 125. இரவில் 95 பைசாவுக்கு ஒரு யூனிட் வாங்கிப் போடுகிறீர்கள். 72 சதவீதம்தான் திரும்பி வரும். அதன் பீக் மதிப்பு 90 பைசா. பேட்டரி இலவசமாகவே கிடைத்தாலும் யூனிட்டுக்கு 5 பைசா நஷ்டம்! லித்தியத்தில் 88 சதவீதம் திரும்பினால் 110 பைசா. 15 பைசா மிச்சம், அதிலிருந்துதான் பேட்டரி விலையை எடுக்க வேண்டும்.

கணக்கு மாறுவது ஒரே நிலையில்: கூரையில் சொந்த சோலார் இருந்து, பகலில் அது மிஞ்சி, அந்த மிச்சத்துக்கு உருப்படியான விலை கிடைக்காதபோது. ஞாயிற்றுக்கிழமை மில் நின்றிருக்கும்போது வீணாகும் யூனிட்டுகளையும் அதில் சேர்த்துக்கொள்ளலாம். அந்த நிலை உங்களுக்கு இருந்தால், விற்பனையாளரிடம் மூன்று விஷயங்களை எழுத்தில் வாங்குங்கள்: மே மாத மதிய வெப்பத்தில், பம்பும் சில்லரும் சேர்த்து, மீட்டருக்கு மீட்டர் எத்தனை சதவீதம் திரும்பும், ஸ்டாக்கைப் புதுப்பிக்கும் செலவு யாருடையது, பத்தாவது வருடம் அவர் கடையை மூடிவிட்டால் டேங்கில் இருக்கும் அமிலத்துக்கு யார் பொறுப்பு.